செல்லத்தாய் எப்படிச் சொல்வாள்

"நினைவூட்டல். சீனிச்சாமி அவர்களே, நேரம் காலை பத்து மணி. இரத்த அழுத்த மாத்திரையை உட்கொள்ளவும். நன்றி" என்று மேசைமேல் இருந்த லேப்டாப் சொன்னதும் சீனிச்சாமி பதறி எழுந்து நின்றார். மூன்று நாளாக இதே கூத்துதான். அவர்களே என்று ஒரு பெண்குரல் கூப்பிடும்போது உட்கார்ந்திருக்க முடிவதில்லை, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் வயர்மேனாகப் போடி மலையடிவாரத்துக் கம்பமெல்லாம் ஏறி இறங்கியவரை அவர்களே என்றது இதற்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான், ஓய்வுபெற்ற அன்றைக்குச் சால்வை போர்த்திய அதிகாரி, அதுவும் சீனிவாசன் அவர்களே என்று வேறு யாரையோ. மாத்திரையை வாயில் போட்டார், தண்ணீரைக் குடித்தார், உட்கார்ந்தார், எதிரே தையல் மிஷினில் குனிந்திருந்த செல்லத்தாயைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. உதட்டில் நாலு குண்டூசி. கழுத்தில் மாம்பழ மஞ்சளில் சின்னதாக ஒரு துணித்திரை, இன்றைக்குக் கட்டியிருக்கும் சேலைக்குத் தோதான நிறம். ஐந்து மாசத்துக்கு முன்னால் மதுரையில் அவள் குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஆளையே எடுத்திருக்கும் அந்தக் கட்டி. இப்போது கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு, அந்தத் துளையை மறைக்கத்தான் சேலைக்கு ஒரு திரை, ஒரு டஜன் தைத்து வைத்திருக்கிறாள், துளைக்கும் அளவெடுத்து ரவிக்கை தைக்கிற பொம்பளை உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று டீக்கடையில் அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் டீயைக் குடிக்கவில்லை. இந்த லேப்டாப்பை பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து வைத்துவிட்டுப் போனது மகள் புனிதா. "ஸ்கிரிப்ட்ப்பா, நானே எழுதினது. மணியையும் வாக்கியத்தையும் தட்டி வச்சா அந்த நேரத்துக்கு, முன்னால பேரும் மணியும் பின்னால நன்றியும் சேத்து அதுவே சத்தமாச் சொல்லும்." நாடகத்துக்கு எழுதுகிறதுதானே ஸ்கிரிப்ட் என்று இவர் கேட்டதற்கு அவள் சிரிக்கவில்லை. "அம்மா தட்டணும்ப்பா. பொழுதுக்கும் ஒங்கள வெரட்டுவாங்கள்ல, மாத்திர போட்டீங்களா, மோட்டார அமத்துனீங்களான்னு. அத இனிமே இது சொல்லும். மாதிரிக்கு நானே நாலு எழுதிப் போட்டிருக்கேன், அம்மா கிட்டயே வர மாட்டேங்கிறாங்க. நீங்க மூணு நாள் கேளுங்க. அம்மா எப்படிச் சொல்லுவாங்களோ அதச் சொல்லுங்க, அப்படியே மாத்திடறேன். தன்னோட பேச்சு மாதிரி இருந்தா தொடுவாங்க. புதன்கிழமை பதினோரு மணிக்கு போன் பண்றேன், ஃபீட்பேக் வேணும். கத வேணாம்."

இன்று புதன். கத வேணாம் என்று சொல்லிவிட்டாள். நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை இரண்டு தடவை உதறி எழுதினார். ஒன்று, அவர்களே வேண்டாம். இரண்டு, நன்றி வேண்டாம், நாற்பத்தோரு வருஷத்தில் செல்லத்தாய் இவருக்கு நன்றி சொல்லும்படி இவர் ஒன்றும் செய்ததில்லை. மூன்று, திட்டுவதற்கு முன்னால் 'நினைவூட்டல்' என்று முன்கூட்டியே தெரிவிப்பது தவறு, அவள் எந்தக் காலத்திலும் அப்படி எச்சரிக்கை கொடுத்ததில்லை, கம்பத்தில் ஏறும்போது கரண்ட் வருகிற மாதிரிதான் வரும். எழுதியதைப் படித்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது, டீக்கடையில் வாசித்தால் கல்லாவிலிருக்கும் ஒச்சப்பன் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பான். சிரிப்பான் என்று நினைத்ததுமே பேனா நின்றது. மிஷின் மேசையின் இழுப்பறையைப் பார்த்தார். அதற்குள்தான் அந்த நோட்டு கிடக்கிறது, அளவுகள் எழுதுகிற நீள நோட்டு, பின்பக்கம் முழுக்க ஐந்து மாசப் பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் அதில்தான் பேசினாள். தேங்காய் வேணும், விசிறியைக் குறைங்க, அழாதீங்க. எழுதி நீட்டுவாள், இவர் சத்தமாக வாசிப்பார். வந்தவர்களுக்காகத்தான் வாசிக்க ஆரம்பித்தது, அவளுக்குக் குரல் போச்சே, நம்ம குரல் சும்மாதானே கிடக்கு, கொடுப்போம் என்றுதான். ஆனால் சீனிச்சாமியின் வாய் ஒன்றைக் கேட்டு ஒன்றைச் சொல்லும் வாய் இல்லை, ஒன்றைக் கேட்டு மூன்றைச் சொல்லும். பதினஞ்சு நாளைக்கு முன்னால் கிருஷ்ணவேணி டீச்சர் ரவிக்கை வாங்க வந்தாள். செல்லத்தாய் எழுதினாள், கை இறுக்கமா இருந்தா பிரிச்சுத் தாரேன். இவர் வாசித்தார், "கை இறுக்கமா இருந்தா பிரிச்சுத் தாரேன், பிரிச்சும் இறுக்கமா இருந்தா டீச்சரம்மா ராத்திரிக்குப் பரோட்டாவ நிறுத்தணும்." டீச்சர் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, ரவிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செல்லத்தாய் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நோட்டை மூடினாள், பென்சிலை உள்ளே வைத்தாள், இழுப்பறையைத் தள்ளினாள், மிஷினை மிதித்தாள். அன்றிலிருந்து ஒரு எழுத்து இல்லை. சைகைகூட இல்லை. சோறு வருகிறது, ரசம் வருகிறது, வார்த்தை வரவில்லை. புனிதாவிடம் என்ன எழுதிக் காட்டினாளோ தெரியாது, புனிதா வந்து வைத்தது எழுதியதை எழுதியபடி வாசிக்கிற ஒரு பொருளை. நடுவில் ஒரு வார்த்தை கூட்டாது. அதுதான் அதன் திறமை. சீனிச்சாமிக்கு இல்லாத ஒரே திறமை.

சரி, எப்படிச் சொல்வாள்? மாத்திரைக்கு. 'யோவ் வயர்மேனு, மாத்திரய முழுங்கல, உம்ம கம்பத்துலயே கட்டி வச்சிருவேன்.' எழுதினார். எழுதியதும் இது ஒச்சப்பன் கடையில் ஆடிமாசம் தானே கட்டிச் சொன்னது என்று ஞாபகம் வந்தது. அவள் ஒருநாளும் இவரை யோவ் என்றதில்லை. அடித்தார். 'ஏங்க, ஒங்களுக்கு மாத்திர போட ஒரு ஆள், வாய தொடைக்க ஒரு ஆளா?' இது நன்றாக இருக்கிறது, இது அவளேதான், இல்லை, இது பஸ்ஸில் பெரியகுளம் போகும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னது, இறங்கும்போது அந்த ஆள் ஒங்க சம்சாரத்த ஒருநாள் பார்க்கணும்ங்க என்றாரே, அது. அடித்தார். குரங்கணிக்கு மேலே கம்பத்தில் இருந்தபோது போடியில் வாசலில் நின்று அவள் 'சோறு ஆறுது' என்று கூப்பிட்டது கம்பி வழியாக அதிர்ந்து வந்து இவர் இடுப்புக் கயிற்றை ஆட்டியது, அது கதைதான், அது கதை என்று இவருக்கே தெரியும், கரண்ட் கம்பியில் உரசி மூன்று இரவு கொம்பு டியூப்லைட்டாக எரிந்த காட்டெருமையின் வெளிச்சத்தில் எஸ்டேட்டுப் பெண்கள் ஏலக்காய் பறித்ததைப்போல அதுவும் ஒரு கதை, ஆனால் அந்த 'சோறு ஆறுது' மட்டுமாவது அவள் சொன்னதா? சாப்பாட்டுக்குக் கூப்பிட அவள் சோறு என்பாளா, சாப்பிட வாங்க என்பாளா, ஒன்றுமே சொல்லாமல் தட்டை வைப்பாளா? சீனிச்சாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கம்பத்தில் இருக்கும்போது கால்கொக்கி வழுக்கினால் கை இப்படித்தான் எதையாவது தேடிப் பிடிக்கும். நாற்பத்தோரு வருஷம். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைக்குப் போகிற வழியிலேயே அதற்குக் கையும் காலும் வைத்து, மீசை வைத்து, அவள் மாதிரியே இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டி, ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் சேர்த்து. கேட்டது எங்கே போனது? எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் அடியில் சுவர் இருக்கும் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது சுரண்டினால் சுண்ணாம்பு வருகிறது, அதற்கடியில் சுண்ணாம்பு வருகிறது. கண்ணை மூடி அவள் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தார். வந்தது. வந்தது இவருடைய குரல், பெண்குரலாக மாற்றிய இவருடைய கீச்சுக்குரல்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டக்டக்டக்டக், ஒரு நிறுத்தம், டக்டக். நிறுத்தத்தில் ஒரு ஊசியை உதட்டிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். இனி மூன்று. அட, ஊசி. ஊசி வாயில் இருக்கும்போதும் பேசுவாளே, உதடு அசையாமல், பல்லுக்கு நடுவிலேயே, அப்போது வார்த்தையெல்லாம் ஓரமாக நசுங்கிக்கொண்டு வரும், வாசலில் நிற்கிற பெண்கள் என்னக்கா, என்னக்கா என்று கேட்க, இவர் மட்டும் திருப்பிக் கேட்கமாட்டார், இவருக்கு மட்டும் புரியும். என்ன சொல்வாள் அப்போது? தண்ணி. தண்ணி வச்சிருக்கேன். ஆமாம். மாத்திரை என்ற வார்த்தையே அவள் வாயில் வந்ததில்லை. பத்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைப்பாள், டணார் என்று, தண்ணி வச்சிருக்கேன் என்பாள், அவ்வளவுதான், மாத்திரை தன்னால் ஞாபகம் வரும். இது நிஜமா? இதைக் கடையில் சொன்னதே இல்லை, சொன்னால் யார் சிரிப்பார்கள், ஆகவே நிஜம். சிரிப்பு வராததெல்லாம் நிஜம் என்று வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பார்த்தால் நிறையக் கிடைக்கலாம். ஆசையாகப் பேனாவை எடுத்தவர் மேசைமேல் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார். இப்போது குடித்தாரே, பத்து மணிக்கு, லேப்டாப் கூப்பிட்டதும். அந்தத் தண்ணீரை வைத்தது யார்? நேற்றும் இருந்தது. முந்தாநாளும். பதினஞ்சு நாளும் இருந்ததா? இருந்திருக்கும், இல்லாவிட்டால் மாத்திரையை எதைக்கொண்டு விழுங்கினார். வார்த்தை வரவில்லை, வார்த்தை வரவில்லை என்று இவர் புலம்பிக்கொண்டிருந்த பதினஞ்சு நாளும், சத்தம் வராமல் மெதுவாக வைத்திருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சந்தோஷம் வருவதற்குள் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் வைத்த டம்ளரையே கவனிக்காதவன் வேறு என்னென்ன கவனிக்காமல் விட்டான்.

அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று மனசு சொன்னது. மனசு அப்படிச் சொன்னால் நேரே அங்கேதான் போகப்போகிறது என்று அர்த்தம். மதுரை. காலை ஏழு மணி, பச்சைக் கதவு, தள்ளுகட்டிலில் அவள், பச்சை அங்கி, தலையில் குல்லாய், காதிலும் மூக்கிலும் ஒன்றுமில்லாமல் யாரோ மாதிரி. அந்தக் காலைநேரத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! கதவுக்குள் போகும்போது கையை ஆட்டிச் சொன்னாளாம், 'நான் திரும்பி வர்ற வரைக்கும் நீங்களும் வாய மூடிக்கிட்டு இருங்க, ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப்போகும்.' எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். புனிதாவும் சிரித்தாள். செல்லத்தாய் கடைசியாகப் பேசிய வாக்கியம் அது என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். செல்லத்தாய் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் தரையைப் பார்த்தாள் என்று இவர் யோசித்ததே இல்லை, இல்லை, யோசித்திருக்கிறார், யோசித்துவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறார். அன்றைக்குப் பயம். பயந்தால் சீனிச்சாமிக்குக் கதை வரும், மற்றவர்களுக்கு வேர்ப்பதுபோல. கட்டில் தள்ளிய ஊழியர், ஒரு நரைத்த மனிதர், எந்த ஊருங்க என்றார், போடி என்றார் இவர், போடி என்றதும் மலை வந்தது, மலை வந்ததும் காட்டெருமை வந்தது, கொம்பு எரிய ஆரம்பித்தது, அந்த மனிதரும் மெய்யாவா மெய்யாவா என்று கேட்டுக்கொண்டே தள்ளினார், கதவு வந்துவிட்டது. அப்போது செல்லத்தாய் கையைத் தூக்கி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. சின்னதாகத்தான் சொன்னாள். இவர் அவளிடம் 'இரு இரு' என்று கையைக் காட்டிவிட்டு, எருமையின் இரண்டாவது கொம்பை முடித்துக்கொண்டிருந்தார். திரும்பினால் கதவு மூடியிருந்தது.

போன் அடித்தது. பதினோரு மணி. காதில் வைத்தால் இவருக்குச் சரியாகக் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கரில்தான், அதனால் புனிதாவின் குரல் வீடு முழுக்க வந்தது. "அப்பா, சொல்லுங்க. பத்து நிமிசந்தான் இருக்கு, மீட்டிங்."

"எழுதி வச்சிருக்கேன் தாயி. அவர்களே வேணாம். நன்றி வேணாம்."

"சரி. அப்புறம்?"

"வெதர் சொல்ற பொண்ணு மாதிரிப் பேசுது."

"அது மாத்த முடியாதுப்பா, இருக்கறதுலயே நல்ல குரல் அதுதான். வாக்கியம் சொல்லுங்க. அம்மா எப்படிச் சொல்லுவாங்க, மாத்திரைக்கு?"

கதை வந்து நாக்கின் நுனியில் உட்கார்ந்தது. நல்ல கதை. நாலு வாக்கியம் சொன்னால் போதும், புனிதா சிரிப்பாள், தட்டிக்கொள்வாள், பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இந்தப் பொருள் இவர் செய்த செல்லத்தாயாகக் கத்தும், சாகிறவரைக்கும் கத்தும், இந்த வீட்டில் நிஜமான ஒருத்தி மிஷினை மிதித்துக்கொண்டு இருப்பாள். மிஷின் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தார். மிதிகட்டையில் இருந்த கால் அப்படியே நின்றிருந்தது. அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். எனக்குத் தெரியாது தாயி."

"என்னது?"

"ஒங்கம்மா எப்படிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியல. ஒக்காந்து ஒரு மணி நேரமா எழுதுறேன், எல்லாம் நான் சொன்னதுதான் வருது. அவ சொன்னது வரல. நா ஒரு பக்கம் கேட்டு ஒரு பக்கம் கத கட்டிக்கிட்டே இருந்திருக்கேன், அசலு எங்கயோ போயிருச்சு." நிறுத்த முடியவில்லை, வழுக்க ஆரம்பித்த கால் தரை தட்டும்வரை நிற்காது. "மதுரையில வாய மூடிக்கிட்டு இருங்கன்னு சொன்னான்னேனே, அதுவும் நான் கட்டுனதுதான். அவ என்னமோ சொன்னா. நான் கேக்கல. கட்டில் தள்ளுனவரோட பேசிக்கிட்டு இருந்தேன். இரு இருன்னு கையக் காட்டுனேன் அவளுக்கு. அவ்வளவுதான் தாயி. அவ்வளவுதான் நடந்தது. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல."

போனில், பெங்களூரில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சீனிச்சாமி செல்லத்தாயின் பக்கம் பார்க்கவில்லை, நாள்காட்டித் தாளைப் பார்த்தார், அடித்து அடித்து அது கிழிந்திருந்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வந்தாள். உள்ளே போய்விடப்போகிறாள் என்று நினைத்தார். அவள் மேசைக்கு வந்து, மிச்சமிருந்த மூன்று ஊசிகளையும் உதட்டிலிருந்து எடுத்துத் தன் முந்தானையில் குத்திக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். புனிதா விசைகளில் தமிழ் எழுத்துகளை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஒற்றை விரலால், துணியில் ஊசி போட இடம் பார்க்கிற மாதிரி குனிந்து தேடித் தேடி, ஒவ்வொன்றாகத் தட்டினாள். இவர் எட்டிப் பார்த்தார். அவள் தோளால் மறைத்தாள்.

"அப்பா, என்ன சத்தம்? அம்மாவா?"

"ஆமா தாயி. தட்டுறா."

"தட்டுறாங்களா! பேசாதீங்க. மணி போடணும், நிமிசம் வந்தாத்தான் பேசும், பேசாதீங்கப்பா."

பேசாமல் இருந்தார். அவள் தட்டி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிமிஷம் வரவில்லை. மதுரையில் சொன்னதைத்தான் தட்டியிருக்கிறாள், வேறு என்ன, ஐந்து மாசமாக உள்ளே வைத்திருந்ததை இப்போது சொல்லப்போகிறாள், வெதர் சொல்கிற பெண்ணின் குரலில் அதைக் கேட்கப்போகிறார், கேட்டுத்தான் ஆகவேண்டும், இரு இரு என்று கை காட்ட முடியாது. பயமா இருக்குங்க என்று சொல்லியிருப்பாளோ. புனிதாவைப் பாத்துக்குங்க என்றிருப்பாளோ. ஒருவேளை திட்டத்தான் செய்தாளோ, திட்டியிருந்தால் நல்லது, என்ன திட்டு என்றாலும் நல்லது. காட்டெருமை வரப் பார்த்தது. சும்மா இரு என்று அதை விரட்டினார். டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. அவள் மூச்சு கழுத்துத் திரையை லேசாகத் தூக்கிவிட்டு இறக்கியது, தூக்கிவிட்டு இறக்கியது.

"நினைவூட்டல்" என்றது லேப்டாப். சீனிச்சாமி எழுந்து நின்றார். "சீனிச்சாமி அவர்களே, நேரம் காலை பதினொன்று பதினேழு. ஏ புனிதா, ஒங்கப்பாவுக்கு மேலுக்குச் சரியில்ல போலருக்கு. நெசத்தப் பேசுறாரு. டாக்டருக்குப் போனப் போடு. நன்றி."

போனில் புனிதா சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம் வந்தது. செல்லத்தாயின் தோள் குலுங்கியது. ஒரு சத்தமும் இல்லை, கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. குலுங்கிக்கொண்டே கையை நீட்டி, புறங்கையைத் திருப்பி, சீனிச்சாமியின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் நெற்றிக்கே வந்தாள். காய்ச்சல் இல்லை என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கையை எடுத்துவிடுவாளோ என்று அவர் மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தார்.